காதுக்காரர் சொன்ன சரி

அந்த வட்டாரத்தில் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் அவர் காதுக்காரர்தான். மெக்கானிக் என்று கேட்டால், எந்த மெக்கானிக் என்று திருப்பிக் கேட்பார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது வால்வு" என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவது வால்வாகத்தான் இருக்கும். பக்கத்துப் பட்டறைகளில் எல்லாம் கோளாறு கண்டுபிடிக்கும் மெஷின் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இவர் மட்டும் வாங்கவில்லை. காது இருக்கும்போது மெஷின் எதற்கு என்கிற திமிர்.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊருக்கு வாத்தியாரம்மா. பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களோடு நாளெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து, எதற்கும் அலறாத நிதானம் அவளுக்கு வந்திருந்தது. மாலையில் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டுதான் அவர் வீடு திரும்புவார். குடும்ப விவகாரம் எல்லாம் தீர்மானமாவது அந்தப் பயணத்தில்தான். தீர்மானம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. அவள் ஒன்று சொல்வாள், அவர் அதில் நாலு நொட்டை சொல்வார், வீடு வந்துவிடும்.

கோடை ஆரம்பித்ததும் ஒரு விடுமுறை நாளில் இரண்டு பேரும் ஏரிக்குப் போனார்கள். அவர் சிறு பிள்ளை மாதிரி தண்ணீரில் கிடந்தார். சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் பாயை விரித்துப் படுத்தவர் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிப்போனார். அவள் போட்ட கூச்சலில்தான் விழித்தார். எங்கிருந்தோ வந்த நாய் அவர்களுடைய பையைக் கவ்விக்கொண்டு ஓட, அவள் ஒற்றைச் செருப்போடு துரத்திக்கொண்டிருந்தாள். பை கிடைத்தது. அதில் இருந்த கேக் கிடைக்கவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தபின், வெயில் தாழ அவர் இன்னொரு முறை முங்கிக் குளித்தார். கரையேறியபோது ஒரு காது அடைத்திருந்தது.

தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துக் குதித்தார். மறுநாளும் அடைப்பு விடவில்லை. எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார், அதற்குப் பிறகு இருந்த கொஞ்சநஞ்சமும் கேட்கவில்லை. பட்டறையில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் குழம்பி ஹோவென்று இரைந்தது. எது வால்வு, எது பேரிங் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னொரு காதில் வைத்துப் பார்த்தார். அந்தக் காதுக்கு இந்த வேலை பழக்கமில்லை. வலக்கைக்காரன் இடக்கையால் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

அவர் அப்பாவுக்கும் இதே வயசில் ஒரு காது போயிற்று. பின்னாலேயே மற்றதும் போயிற்று. கடைசிவரை மனுஷர் யார் எது கேட்டாலும் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தார். தனக்கும் அதுதான் என்று காதுக்காரர் முடிவே கட்டிவிட்டார். டாக்டரிடம் போகலாம்தான். போனால் அவர் வாயால் அதைச் சொல்லிவிடுவாரே. காது போன காதுக்காரரிடம் எவன் வண்டியை விடுவான்? மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அவளிடம் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அவர் ஓட்டும்போது அவள் உட்காரும் பக்கத்துக் காதுதான் அடைத்த காது. காரில் ஏசி வேறு ரிப்பேர். ஊர் வண்டியை எல்லாம் பார்க்கிறவருக்குத் தன் வண்டியைப் பார்க்க நேரம் ஏது? ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். தெரு இரைச்சல் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம். அவள் வாய் அசைவது ஓரக்கண்ணில் தெரியும், வார்த்தை வந்து சேராது. "என்ன?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டால் மாட்டிக்கொள்வார். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் வாய் அசைவது நின்றதும், "சரி" என்றார்.

அவள் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் பேச்சிலேயே அவர் சரி சொன்னதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தாள். மறுநாளும் எதையோ சொன்னாள். அவர் மறுபடியும் சரி என்றார்.

பலன் வீடு தேடி வந்தது. காலையில் கதவைத் திறந்தால் பெயின்டர் ஏணியோடு நிற்கிறார். ஹாலுக்குக் கிளிப்பச்சை.

"பச்சையா? யாரு சொன்னது?"

"நீங்கதாங்க. கேட்ட உடனே சரின்னீங்களே!" என்றாள் அவள்.

"ஆமாமா, சொன்னேன். பச்சை நல்லாத்தான் இருக்கும்" என்று பூசி மெழுகினார். பெயின்டரும் தன் பங்குக்குப் பூசிவிட்டுப் போனார்.

பச்சைச் சுவராவது பரவாயில்லை. வழக்கமாக வருகிற டாக்ஸிக்காரர் ஒருவர், வண்டியில் என்னவோ உருளுகிற சத்தம் என்று கொண்டுவந்தார். காதுக்காரர் ஸ்க்ரூடிரைவரை வைத்தார், கண்ணை மூடினார், ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததைக் காட்டிக்கொள்ளாமல், "பேரிங்" என்று அடித்துவிட்டார். பாதி வண்டியைப் பிரித்துப் பார்த்தால் பேரிங் புத்தம்புதிதாக இருக்கிறது. பின்சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. டாக்ஸிக்காரர் சிரிக்கக்கூட இல்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே?" என்று தணிவாகக் கேட்டார். அதற்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை. மாலையில் வாத்தியாரம்மா வந்தபோது காதுக்காரர் முகம் தொங்கிப்போய், பிரித்ததை எல்லாம் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ரொம்ப நேரம் பேசினாள். என்ன பேசுகிறாள் என்று கேட்கும் மனநிலையிலும் அவர் இல்லை. முடிந்ததும் "சரி" என்றார்.

அதற்குப் பிறகு அவளுடைய போக்கு மாறியது. சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். பேச்சு சுருங்கிவிட்டது. என்ன கோபம் என்று அவருக்குப் பிடிபடவில்லை, கேட்கவும் பயம்.

அடுத்து சகலை வந்து இறங்கினார். மனைவியின் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் வந்து, நால்வருமாக மலைக்குப் போவதாக ஏற்பாடாம். அதற்கும் இவர் சரி சொல்லியிருக்கிறார். சகலை வாயைத் திறந்தால் மூட மாட்டார். தன்னுடைய சர்க்கரை அளவிலிருந்து உலகத்தின் போக்குவரை ஒன்றையும் விடமாட்டார். அவரோடு ஒரே காரில் மலைக்கா என்று காதுக்காரர் நொந்துகொண்டார். ஆனால் சகலை முன்சீட்டில், அதாவது அடைத்த காதுப் பக்கம், வந்து உட்கார்ந்தார். அவ்வளவு நிம்மதியான பயணம் காதுக்காரருக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. சகலை பேசிக்கொண்டே வந்தார். இவர் மரங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். காது போனதில் இப்படி ஒரு சௌகரியமும் உண்டோ என்றுகூட நினைத்துவிட்டார், பாவி மனுஷர்.

மலையடிவாரம் நெருங்கும்போது பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளை அழுத்தியது.

"ஓரமா நிறுத்துங்க" என்றாள் மனைவி, பாடம் நடத்துகிற அதே குரலில். "மெதுவா. பிரேக்கை ஒரேயடியா மிதிக்காதீங்க."

நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் சகலை பக்கத்து முன்சக்கரத்தின் நட்டுகள் எல்லாம் தளர்ந்து கிடந்தன. ஒன்று விழுந்தே போயிருந்தது. கிளம்புவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர், மனசு வேறெங்கோ இருந்ததில் கடைசி முறுக்கு முறுக்காமல் விட்டிருக்கிறார்.

"இவ்வளவு நேரமா லொடலொடன்னு சத்தம். நீங்க ஓட்டுறீங்க, உங்களுக்குத் தெரியாததான்னு சும்மா இருந்தேன்" என்றார் சகலை. முதல் தடவையாக அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மேலே வளைவுகள். ஒரு பக்கம் பள்ளம். காதுக்காரர் நட்டுகளை முறுக்கி முடித்து நிமிர்ந்தபோது, கார்ச் சாவியை மனைவி எடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவையும் அத்தானையும் சாலையோர டீக்கடையில் உட்கார வைத்தாள். அவரைப் பக்கத்து சீட்டில் ஏற்றி, அடிவாரத்து ஊரிலிருந்த காது டாக்டரிடம் கொண்டுபோனாள். எந்தக் காது என்றுகூட அவரைக் கேட்கவில்லை. டாக்டரிடம் அவளே காட்டினாள்.

டாக்டர் விளக்கை வைத்து எட்டிப் பார்த்தார். மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டார். காதுக்காரர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

"பஞ்சு வச்சு எத்தனை நாளாச்சு?"

"பஞ்சா?"

இடுக்கியின் நுனியில் கரிய, ஊறிப்போன உருண்டை ஒன்று வந்தது. அதோடு உலகமே உள்ளே புகுந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. அதற்கு பேரிங் போயிருக்கிறது என்று சட்டென்று தெரிந்தது. வெளியே யாரோ தும்மினார்கள். பக்கத்தில் மனைவி மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

"ஐயோ," என்றாள் அவள். "ஏரில எறும்பா இருந்துச்சு. தூங்கும்போது காதுக்குள்ள போயிடுமேன்னு நான்தான் ரெண்டு காதுலயும் வச்சேன். ஒண்ணை எடுத்தேன். அடுத்ததை எடுக்கறதுக்குள்ள அந்தப் பாழாப்போன நாய்…"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, காது நன்றாக இருக்கிறது, எண்ணெய் கிண்ணெய் ஊற்றாதீர்கள் என்றார். காதுக்காரருக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. போன உயிர் வந்துவிட்டது. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் கோபம் வரவில்லை.

திரும்பும்போது அவரே ஓட்டினார். ஸ்டார்ட் செய்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுக் கேட்டார். நாலு சிலிண்டரும் தனித்தனியாகப் பேசின.

"ஏம்மா, நான் இன்னும் எதுக்கெல்லாம் சரி சொல்லி வச்சிருக்கேன்? இப்பவே சொல்லிடு. சமையலறைக்கும் பச்சையா?"

"பெயின்டர், அக்கா, அவ்வளவுதான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னொண்ணு இருக்கு. அதை விடுங்க" என்றாள்.

"எதை விடறது?"

"டாக்ஸிக்காரர் வண்டியைத் திரும்ப மாட்டுனீங்களே, அன்னைக்கு ஒண்ணு சொன்னேன். சரின்னீங்க. சரின்னுட்டு, அதுக்கு அப்புறமும் மறைச்சீங்க. எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? இவர் வாயால சொல்றவரைக்கும் நானா கேக்கறதில்லன்னு இருந்தேன். இன்னைக்கு அந்தச் சத்தம் உங்களுக்கு எட்டலைன்னதும்தான் புரிஞ்சுது, நான் சொன்னது உங்க காதுலயே விழலைன்னு."

அவர் காரை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். ஜன்னலை ஏற்றினார்.

"இப்ப சொல்லு."

"இனிமே எதுக்கு? அதான் காது வந்துருச்சே."

"சொல்லு."

அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்: "உங்களுக்குக் காது சரியில்லைன்னு எனக்குத் தெரியும். போனா போகட்டும். பட்டறையை மூடிடலாம். என் ஒரு சம்பளத்துல ரெண்டு பேரும் இருந்துக்கலாம். வண்டியில சத்தம் வந்தா நான் கேட்டுச் சொல்றேன், நீங்க பாருங்க. ஆனா உங்க அப்பா மாதிரி எங்கிட்ட மட்டும் தலையை ஆட்டிச் சிரிக்காதீங்க. அதை என்னால பாக்க முடியாதுன்னு சொன்னேன். அதுக்குத்தான் சரின்னீங்க."

வழக்கமாக அவள் பேச்சில் நாலு நொட்டை சொல்கிறவருக்கு அன்றைக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. டீக்கடையிலிருந்து சகலை மூன்று முறை போன் அடித்தார். இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்டது, இரண்டு பேரும் எடுக்கவில்லை.