நாலு மஞ்சக்கரு

முட்டை ஓடுகளைப் பழைய பேப்பரில் சுற்றி, அதைப் பால் கவருக்குள் திணித்து, கவரைக் குப்பைக்கூடையின் அடியில் அமுக்கிக்கொண்டிருந்தாள் ஷாலினி. காலை ஏழு மணிக்கு அப்பா வேடியப்பனின் மூச்சு நின்றது. மகளுக்கு இன்னும் அழ நேரம் கிடைக்கவில்லை. அரக்கோணத்திலிருந்து தேவயானி அத்தை ரயில் ஏறிவிட்டாளாம். அத்தையின் மூக்குக்குத் தப்பியது எதுவும் கிடையாது.

இருபத்தாறு வருஷமாக வேடியப்பன் முட்டையைத் தொட்டதில்லை. கைக்குழந்தை ஷாலினிக்கு மூளைக்காய்ச்சல் கண்டு டாக்டர்கள் கைவிரித்தபோது, மலைப்படி ஏறிப்போய் முருகனிடம் வேண்டிக்கொண்டு முட்டை, மீன், கறி என்று கவிச்சியையே விட்டுவிட்டு வந்த மனிதர். குழந்தை பிழைத்து, வளர்ந்து, சென்னையில் ஒரு காபிக்கடையில் வேலைக்கும் சேர்ந்தது.

அந்தக் கடையில் க்ரெம் ப்ரூலே என்று ஒரு பிரெஞ்சு இனிப்பு. பாலேடும் மஞ்சள் கருவும் சேர்ந்து இறுகியிருக்கும். மேலே சர்க்கரை கருகி மெல்லிய கண்ணாடித் தகடாக நிற்கும். அதே பெயரில் கருகிய சர்க்கரைப்பாகு ஊற்றிய காபி ஒன்றும் உண்டு. காபியில் முட்டை கிடையாது. ஒருமுறை மகளைப் பார்க்கப் போன வேடியப்பன் அதை இரண்டு கப் குடித்துவிட்டு, ஊருக்கு வந்து ஒரு மாதம் அதையே பேசினார்.

பக்கவாதம் வந்தபின் காபி, தண்ணீர் எதுவானாலும் புரையேறியது. கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கூழைத் துப்பினார், களியைத் துப்பினார். கோணிய வாயால் அந்தக் காபியைத்தான் கேட்டார்.

லீவு போட்டு வந்த ஷாலினிக்கு வேறு வழி தெரியவில்லை. இட்லிப் பானையில் கிண்ணம் வைத்து அந்த இனிப்பை வேகவைத்தாள். தோசைக்கரண்டியைச் சிவக்கக் காய்ச்சி, மேலே தூவிய சர்க்கரைமீது அழுத்தினாள். "பாலுதான் நைனா" என்று பொய் சொன்னாள். விளங்குகிற கையால் அவர் ஸ்பூனைத் தட்டுவார், தகடு விரியும் சத்தத்துக்குச் சிரிப்பார். தொண்டையில் குத்தாதபடி தகட்டை எடுத்துவிட்டு மிச்சத்தை ஊட்டுவாள். பதினோரு நாள் அப்படித்தான் போயிற்று.

"இங்க இன்னாடி பண்ற?"

அம்மா கௌரியம்மாள் கொல்லைப்புற வாசற்படியில் நின்றாள். ஷாலினிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நைனாவுக்குக் குடுத்ததுல முட்ட இருந்துச்சும்மா. தெனம் நாலு மஞ்சக்கரு. அவரு வேண்டுதல நான் கெடுத்துட்டேன். அதான் சாமி கூட்டிகினு போயிடுச்சா?"

கௌரியம்மாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"மொத நாளே கண்டுபுடிச்சிட்டாரு. நீ அந்தாண்ட போனதும் என்னக் கூப்ட்டு, ‘இதுல முட்ட போட்டுகிறா. நீ இன்னா ஏதுன்னு கேட்டுகினு நிக்காத’ன்னாரு. சாமி குத்தமாச்சேன்னேன். ‘யாருக்கோசரம் வுட்டனோ அவளே ஊட்டுறா. மலமேல இருக்கிறவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ போ’ன்னுட்டாரு."

ஷாலினி குப்பைக்கூடையின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று வாய்விட்டு வந்துவிட்டது. சாவு வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனாலும் பதினோரு நாள் பாரம் இறங்கும்போது வாய் என்ன செய்யும்? அம்மா அவள் தலையில் கை வைத்தாள்.

தெருமுனையிலேயே அத்தையின் குரல் கேட்டது. மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தவள் தம்பியின் தலைமாட்டில் விழுந்தாள்.

"சாமியாட்டம் போயிட்டியே என் தம்பி. முட்டய மோந்துகூடப் பாக்காதவனாச்சே." சட்டென்று அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "இல்லியா கௌரி?"

"ஆங்" என்றாள் கௌரியம்மாள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "மோந்து பாக்கல அண்ணி."

ஷாலினி சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. குலுங்கிக்கொண்டே இருந்தது. எந்த இடத்தில் அது வேறொன்றாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அழுதுடு கண்ணு" என்று அத்தை அவள் முதுகைத் தடவினாள்.