கால் அளவுக் கொக்கி

கோட்டாற்றில் குமாரதாஸ் முதலாளியின் கொட்டகையிலிருந்து மலைத்தோட்டத்து பங்களாக்களுக்கு இறகு பறித்த கோழிகள் நாள்தோறும் போயின. அண்டாவின் கொதிநீரில் முக்கியெடுத்த கோழிகளைக் கூடையில் அள்ளி, இறகு பறிக்கும் மேடைவரை தலையில் சுமப்பது நேசபாயின் வேலை. கூடை ஒழுகும். அவளுடைய கழுத்தும் தோளும் வெந்து கொப்புளித்திருந்தன.

அவள் கணவன் ஞானதாசன் பஸ் பட்டறை மெக்கானிக். கொப்புளங்களுக்கு எண்ணெய் தடவிய கையாலேயே அவன் ஒரு யந்திரத்தை வரைந்தான். அண்டாவிலிருந்து மேடைவரை தலைக்கு மேலே ஒரு சங்கிலி, அதில் கொக்கிகள், கைப்பிடியைச் சுற்றினால் தொங்கும் கோழி நகரும்.

“ஓட்டிக் காட்டு. ஓடலேன்னா பழைய கூடைதான், பாத்துக்க” என்றார் முதலாளி.

வெள்ளோட்டத்தன்று ஞானதாசன் முதல் கோழியைத் தூக்கினான். கொக்கியின் வாய்க்குள் கோழிக்கால் நுழையவில்லை. அடுத்ததிலும் நுழையவில்லை.

“என்ன அண்ணாச்சி இது? கொக்கி வாய் கால் அளவு வேணும்னுல்லா சொன்னேன்!”

கொக்கி அடித்த கொல்லர் ஏசுஅடிமைக்குச் சுருக்கென்றது. “கால் அளவுதாம்லே அடிச்சிருக்கேன். கால் இஞ்சு. அளந்து பாரு.”

“நான் கோழிக் காலையில்லா சொன்னேன்!”

“கோழின்னு ஒனக்க வாயில வந்துச்சா?”

மேடையில் இறகு பறிக்கும் செல்லக்கனி, “நல்லவேள, அரைன்னு சொல்லல. இடுப்ப அளந்திருப்பாரு” என்றாள். பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

முதலாளி குடையை எடுத்தார். நேசபாய் கூடைக்கான சும்மாட்டைச் சுற்றத் தொடங்கினாள். அதைக் கண்டதும் ஞானதாசன் முதலாளியின் முன்னால் போய் நின்றான்.

“மொதலாளி, எனக்க தப்புதான். அண்ணாச்சி மேல குத்தமில்ல. ஒரு வெத்தில போடுகது வரைக்கும் நில்லுங்க.”

“ஒண்ணுதான்” என்று முதலாளி உட்கார்ந்தார்.

ஏசுஅடிமை முணுமுணுத்துக்கொண்டே ஒரு கொக்கியைக் கழற்றி, அண்டா அடுப்பின் கங்கில் செருகினார். பழுத்ததும் கல்லில் வைத்துத் தட்டி வாயை விரித்தார். தண்ணீரில் போட்டபோது அது சீறியது.

இப்போது கால் நுழைந்தது. ஞானதாசன் கைப்பிடியைச் சுற்றினான். கோழி ஆடிக்கொண்டே நகர்ந்தது. அதன் கீழே இரு கைகளையும் ஏந்தியபடி நேசபாய் கூடவே நடந்தாள்.

“கைய எடுட்டி!”

“விழுந்திருமே!”

விழவில்லை. மேடையில் செல்லக்கனி அதை இறக்கிக்கொண்டாள்.

“மிச்சக் கொக்கிக்க வாயையும் தொறந்து விடுங்க” என்றார் முதலாளி, வெற்றிலையைத் துப்பிவிட்டு.

அடுத்த கோழி புறப்பட்டபோதும் நேசபாய் கூடவே நடந்தாள். கைகளை மட்டும் தொங்கவிட்டிருந்தாள்.