நேந்துவிட்ட பறவை

எங்கள் வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். தீபாவளியை ஒட்டி வரும், வயிறு முட்டத் தின்னும், பங்குனியில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். வேறென்ன பெயர் வைப்பது? அது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. பழுப்புத்தலைக் கடற்காகம். வலது காலில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வளையம், அதில் கறுப்பில் பொறித்த கே நாற்பத்தேழு.

இமயமலைக்கு வடக்கே ஏதோ ஓர் ஏரிக்கரையில், பறவை ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்மணி அதைப் பிடித்து வளையம் மாட்டிப் பறக்கவிட்டிருந்தார். குளிர்காலத்துக்கு அது இங்கே வரும். நான் வளையத்தைப் படித்து அவருக்கு மெயில் அனுப்புவேன். ‘இன்னும் உயிரோடு இருக்கிறதா!’ என்று அவர் பூரித்துப்போய்ப் பதில் போடுவார். ஆறு வருடமாக இதே கதைதான். முகம் பார்க்காத சம்பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இசைவாணி. திருத்துறைப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிறேன். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஸ்கூட்டரில் தொலைநோக்கியையும் முக்காலியையும் கட்டிக்கொண்டு முத்துப்பேட்டை தாண்டிக் கடற்கரைக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு சின்ன மீனவர் குடியிருப்பு. படகுகள் கரையேறி வலை உதறும்போது கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். எல்லோரும் இறக்கையையும் அலகையும் பார்த்து ரசிப்பார்கள். நான் பார்ப்பது கால்களை மட்டும்.

“ஊரு உலகமெல்லாம் ஞாயித்துக்கெழமை கறி எடுக்கப் போவுது. இவ காக்கா காலப் பாக்கப் போறா” என்பார் என் வீட்டுக்காரர் இளவழகன். வாய் அப்படித்தான். ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால், “உன் மாப்ள வந்தாச்சா?” என்று முதலில் கேட்பவரும் அவர்தான்.

இந்த வருடம் மாப்பிள்ளை வரவில்லை. தீபாவளி போனது, கார்த்திகை போனது, பொங்கலும் போனது. ஒரு பறவைக்குப் போய் இவ்வளவு தவிப்பா என்று எனக்கே என் மேல் எரிச்சல். எரிச்சல் பட்டு என்ன, தவிப்பு குறையவா செய்கிறது? சம்பா அறுவடை மெஷின்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தால் பின்னால் நின்று ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்துவேன். அடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தால் அந்த ஒரு கால் மட்டும் இருக்காது.

கரையில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் விசாரித்தேன். ஃபைபர் படகு வைத்திருக்கும் வசந்தகுமாரையும் கேட்டேன். “தம்பி, கால்ல மஞ்ச வளையம் போட்ட காக்கா ஏதாவது பாத்தீங்களா?”

“இல்லீங்க டீச்சர்” என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் மனைவி மலர்கொடி அதற்கும் மேல். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள். நான் என்ன ஊசி போட வந்த நர்ஸா என்று நினைத்துக்கொள்வேன்.

தை மாதக் கடைசி ஞாயிறன்று குழந்தை அம்மாவை முந்திக்கொண்டது. நான் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தபோது முக்காலி ஆடியது. குனிந்து பார்த்தால், தவழ்ந்து வந்த குழந்தை முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சிரிக்கிறது. மேலில் பொட்டுத் துணி இல்லை, அரைஞாண் கயிறு மட்டும். கயிற்றில் ஒரு தாயத்து, இரண்டு கறுப்பு மணி, நடுவில் ஒரு மஞ்சள் வளையம். பக்கவாட்டில் வெட்டி, நூல் சுற்றி இறுக்கியிருந்தது. திருப்பிப் படித்தேன். கே நாற்பத்தேழு.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மூச்சிரைக்க ஓடிவந்த மலர்கொடியைப் பார்த்துக் கத்தினேன். “எங்கேருந்து வந்துச்சு இது? அந்தப் பறவைய அடிச்சுத் தின்னுட்டு, வளையத்தப் புள்ள இடுப்புல கட்டி அழகு பாக்குறீங்களா?”

குழந்தையை வாரி இடுப்பில் வைத்தவளின் முகத்தில் அதுவரை பயம்தான் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டதும் அது போன இடம் தெரியவில்லை.

“என்னா பேச்சு பேசுறீங்க டீச்சர்? கடல்ல இத்தன மீன் கெடக்கையில நாங்க காக்காயவா அடிச்சுத் திங்கப்போறோம்? வாங்க. வந்து உங்க கண்ணாலயே பாருங்க.”

வீட்டுக்குப் பின்னால், கோழி கவிழ்க்கிற பெரிய மூங்கில் கூடை ஒன்று கவிழ்ந்திருந்தது. மேலே பழைய வலை, அதற்கு மேல் வெயில் படாமல் கீற்று. மலர்கொடி கீற்றை நகர்த்தினாள். உள்ளே என் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தது. எதிரே அலுமினியத் தட்டில் காரப்பொடி மீன், பக்கத்தில் தண்ணீர். வாரா வாரம் நான் கடலைத் துழாவிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மலர்கொடிதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

இந்த வருடம் தாமதமாக வந்ததோ என்னவோ, மார்கழியில் ஒரு நாள் வசந்தகுமாரின் வலையில் அது சிக்கியிருக்கிறது. காலில் மஞ்சள் வளையத்துக்குக் கீழே ஒரு சின்ன உலோக வளையமும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நைலான் நரம்பு இறுகி, கால் வீங்கி, புண்ணே வைத்துவிட்டது. வலையில் உயிரோடு மாட்டிய ஆமையையோ பறவையையோ அவர் வலையை அறுத்து விடுவிக்காமல் இருந்ததில்லை. குறட்டால் இரண்டு வளையத்தையும் வெட்டினார். உலோக வளையம் கடலில் விழுந்துவிட்டது. மஞ்சள் வளையம் கையில் நின்றது. அதில் எழுத்தைப் பார்த்ததும் மனிதருக்கு உதறல் எடுத்துவிட்டது.

“கோயிலுக்கு நேந்துக்கிட்டா கெடாவுக்குக் காத வெட்டி அடையாளம் வெச்சு விடுவோம்ல டீச்சர்? சேவலுக்குக் கால்ல துணி கட்டி விடுவோம். அப்புறம் அதுமேல யாரும் கை வைக்கக் கூடாது. இதுவும் யாரோ எழுதி மாட்டி நேந்துவிட்ட பறவ. அத நம்ம கையால அறுத்துட்டமேன்னு அந்த மனுசன் ராத்திரியெல்லாம் பொலம்புனாரு. அறுத்தவங்க தலமேலதான அந்த நேத்திக்கடன் வரும்?”

“அதுக்கு ஏன் குழந்தை இடுப்புல?”

மலர்கொடி குழந்தையின் தலையைத் தடவினாள். மீனா என்று பெயர். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்துவந்த பிள்ளை.

“இவ மூச்ச எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தவ நான். கடன் எங்க தலமேல வந்தா இவளத்தான மொதல்ல தொடும்? அதான் வளையத்த இவமேலயே கட்டி, நானும் நேந்துக்கிட்டேன். அத நல்லா வெச்சுக் காப்பாத்துறேன், இவள நீ காப்பாத்துன்னு. அது நல்லா இருக்குற வரைக்கும் இவளும் நல்லா இருப்பா. அது செத்துட்டுன்னா...”

“இத என்கிட்ட சொல்லியிருக்கலாமே மலர்?”

“எப்புடி டீச்சர் சொல்லுறது? நீங்கதான் நேந்துவிட்டவங்கன்னு நெனச்சோம். வாரம் தவறாம வந்து காலையே தேடுனா வேற என்னான்னு நெனைக்கிறது? வளையத்தத் திருப்பிக் கேட்டுட்டீங்கன்னா புள்ளைக்கு என்னாவுமோன்னு பயம்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டீச்சர் அல்லவா, விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். “இது நேத்தி எல்லாம் இல்ல மலர். வடக்க ஒரு அம்மா இருக்காங்க. இது எங்க போவுது, உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்க மாட்டிவிட்டது. அவ்வளவுதான்.”

மலர்கொடி குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “எங்க போனாலும் அது உயிரோட இருக்கணும்னு நெனச்சு ஒருத்தங்க ஒண்ணு கட்டி அனுப்புனா, அதுக்குப் பேரு நேத்தி இல்லாம வேற என்னாங்க?”

கூடையைச் சாய்த்துக் கையை உள்ளே விட்டேன்.

பறவையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். புண் ஆறித் தழும்பாகியிருந்தது. ஒரு விரல் மட்டும் மடங்காமல் விறைத்து நின்றது. கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும், தூரத்திலிருந்து தெரியாது. இறக்கை நன்றாக இருந்தது. “விட்டுடணும் மலர்” என்றேன். அவள் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“வெளிய போயி செத்துட்டுன்னா?”

“உள்ளயே இருந்தாலும் செத்துடும். றெக்கைய விரிக்கக்கூட இடமில்ல. இன்னும் கொஞ்ச நாள் போனா அதால பறக்கவே முடியாது.”

“அப்ப இந்த வளையத்தயே திரும்ப மாட்டி விடுங்க. நீங்க அந்தக் கண்ணாடியில பாத்து, நல்லா இருக்குன்னு சொல்லிடுவீங்கல்ல?”

வெட்டிய வளையம் நிற்காது, இன்னொரு முறை நரம்பு மாட்டினால் காலே போய்விடும் என்றேன். “அப்ப அது நல்லா இருக்கான்னு எப்புடித் தெரியும்?” என்று கேட்டாள். “தெரியாது” என்றேன். வளையத்தைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு குழந்தையின் இடுப்பிலேயே விட்டுவிட்டேன். சம்பந்தியம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மலர்கொடி ஒரு வாரம் தவணை கேட்டாள். அடுத்த ஞாயிறு அவளே கூடையைத் தூக்கினாள். மாப்பிள்ளை போகவில்லை. தட்டில் மிச்சமிருந்த மீன் ஒன்றை விழுங்கியது. சுற்றும் முற்றும் பார்த்தது. இன்னொன்றையும் விழுங்கிவிட்டு, பிறகுதான் எழும்பியது. வலை உதறுகிற இடத்தில் ஓலமிட்டுச் சுற்றிக்கொண்டிருந்த கூட்டத்தில் போய்க் கலந்தது.

“எது டீச்சர்?” என்றாள் மலர்கொடி. “எது நம்மளுது?”

தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். எத்தனையோ சிவப்புக் கால்கள். எதிலும் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை நான் சமையலில் இருந்தபோது போன் வந்தது. மலர்கொடி. “டீச்சர், கரை நெடுக நடந்து பாத்துட்டு வந்தேன். இன்னிக்கு ஒண்ணும் செத்துக் கெடக்கல.”

நம்முடையது எது என்று தெரியாவிட்டால், எதுவும் சாகவில்லை என்று தெரிந்துகொண்டால் போதும். அவள் கணக்கு அது. அடுத்த நாளும் போன் வந்தது, அதற்கு அடுத்த நாளும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட அன்று சாயங்காலமும் ஒரு நடை போய்வந்தாள். “காலைச் செய்திகள் வந்தாச்சா?” என்று இளவழகன் கேலி செய்வார். போன் தாமதமானால் அவர்தான் என் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

மாசி பாதியில் ஒரு நாள் போனில் பேச்சே வரவில்லை, விசும்பல்தான் கேட்டது. “ஒண்ணு கெடக்கு டீச்சர். கிட்டப் போவ பயமாயிருக்கு.”

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். மலர்கொடி மீனாவை நெஞ்சோடு அணைத்தபடி தூரத்திலேயே நின்றிருந்தாள். அலை ஒதுக்கிய பாசியோடு பாசியாக ஒரு கடற்காகம் கிடந்தது. எடுத்தேன். வலது காலைத் தடவினேன். தழும்பில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். எல்லாம் மடங்கின. இடது காலையும் பார்த்தேன்.

“நம்மளுது இல்ல மலர்! நம்மளுது இல்ல!”

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்து பிள்ளையை முத்தமிட்டாள், சிரித்தாள், மறுபடி முத்தமிட்டாள். நானும் சிரித்தேன். அம்மா சிரிப்பதைப் பார்த்து மீனாவும் கையைத் தட்டியது. மூன்று பேரும் சிரித்து ஓய்ந்தபோது அந்தப் பறவை இன்னும் என் கையில் இருந்தது.

மலர்கொடி எழுந்து வந்தாள். அதன் வெறுங்கால்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“இதுக்கு யாருமே நேந்துக்கலையா டீச்சர்?”

ஆறு வருடமாக அந்தக் கரைக்கு வருகிறேன். இதுவும் வருடா வருடம் வந்திருக்கலாம், மாப்பிள்ளையின் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். காலில் ஒன்றுமில்லை என்று என் தொலைநோக்கி அடுத்த பறவைக்கு நகர்ந்திருக்கும்.

“இல்ல மலர்” என்றேன்.

அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பறவையை வாங்கிக்கொண்டாள். அலை எட்டாத மேட்டுக்குப் போய், அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்ட ஆரம்பித்தாள்.