மூலைக்கால்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கக்கூடச் சமமான இடம் கிடையாது. எல்லாம் சரிவு, பாறை, ஒன்றின் மேல் ஒன்றாகக் குந்தியிருக்கும் குண்டுக்கற்கள். அங்கேதான் என் வீட்டுக்காரர் கோதண்டராமனுக்கு மேடை போட்டாக வேண்டும். எதிரே கோட்டை தெரியும்படி, அந்த மேடையில்தான் மகள் நிலாவின் நிச்சயதார்த்தம் நடக்க வேண்டுமாம். மண்டபம் பிடித்துத் தொலையுங்கள் என்று நான் கத்தியது யார் காதில் விழுந்தது?

"சுவத்துல ஒரு போல்ட்டுகூட அடிக்க மாட்டேன்க்கா, பழைய சுவரு. மேடை தன் கால்லயே நிக்கணும்" என்றார் மேஸ்திரி ஆனந்தராஜ். பாறை பாறையாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, அசையாத இடங்களில் மட்டும் கால் நடுவதற்குச் சிவப்பு பெயிண்டில் பொட்டு வைத்தார். மறுநாள் அவர் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அவருடைய ஆட்களே துளை போட்டு, இரும்புக் கால்களை நட்டு, மேலே பலகை அடித்து முடித்தார்கள்.

நிச்சயத்தன்று ஆனிக் காற்று பேயாக அடித்தது. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்ய முடியாது என்பதால் தள்ளிப்போடவும் வழியில்லை. மாப்பிள்ளை எழிலனின் அம்மா ரத்தினம்மாள், பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடையின் மூலையில் நின்று கோட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்க வந்தவர்களும் அந்த மூலையிலேயே நெருக்கியடித்தார்கள்.

வாழையிலை எடுக்க நான் கீழே வந்தேன். விருந்துக்கு வந்திருந்த மேஸ்திரி, மேடைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, மூலைக்கால இங்க யாரு நடச் சொன்னது? நான் பொட்டு வெச்சது அதோ, மணலு மூடிக் கெடக்குது."

மூலைக்கால் ஒரு பெரிய குண்டுக்கல்லின் தலையில் நின்றது. கல்லில் சிவப்பு தெரிந்தது, அதைச் சுற்றி மஞ்சளும் தெரிந்தது. வேலை ஆரம்பித்த அன்று பூஜை போடுகிறேன் என்று, என் வீட்டுக்காரர் பெரிய கல்லாகப் பார்த்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். அந்தக் குங்குமத்தை மேஸ்திரியின் பொட்டு என்று நினைத்து ஆட்கள் துளை போட்டிருக்கிறார்கள். அட கடவுளே, சாமி கும்பிடப் போய் வந்த வினையா இது?

மேஸ்திரி சொல்ல, கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று மேடையைத் தள்ளும்போதெல்லாம் கல் அசைந்தது.

"முட்டுக் குடுக்கறதுக்கெல்லாம் நேரமில்ல. எல்லாரையும் எறக்கிடுக்கா. மெதுவா எறக்கு, ஓட வுடாத."

மேலே ஏறி வீட்டுக்காரரின் காதில் சொன்னேன். "கம்முனு இரு வசந்தா. டென்ஷன் ஆவாத. தட்டு மாத்திட்டுப் பாத்துக்கலாம்" என்றார். மனுஷனா இவர்? பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. "இன்னா, ஆடுதா?" என்று சிரித்தபடி தொம்மென்று குதித்துக் காட்டினார். "இரும்பும்மா. ஆனை ஏறினாலும் தாங்கும்." இன்னும் இரண்டு பேர் குதிக்க வேட்டியை மடித்துக் கட்டினார்கள். உண்மையைச் சொன்னால் இந்த ஆம்பிளைகள் இறங்க மாட்டார்கள், குதித்துச் சோதிப்பார்கள். ரத்தினம்மாளின் பேரன் மூலைக் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

நான் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"தளவானூர் பெரிய மாமா, இவரோட பெரியப்பா, போய்ட்டாராம். தீட்டாயிடுச்சி. தட்டு மாத்தக் கூடாது, எல்லாரும் எறங்குங்க."

ஒருவர் பின் ஒருவராக, சத்தமில்லாமல் இறங்கினார்கள். ரத்தினம்மாள் பேரனோடு மண்ணில் கால் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நிலா கடைசியாக இறங்கி, என்னைப் பார்க்காமல் ஒதுங்கி நின்றாள்.

"ராஜாங்கம் பெரியப்பாவா? காலைலகூட எங்கிட்ட பேசினாரே" என்று என் வீட்டுக்காரர் அழத் தொடங்கினார்.

"நாங்களும் தளவானூர் வர்றோம்" என்றார் ரத்தினம்மாள். "இவ்ளோ தூரம் வந்துட்டு எழவுக்குப் போவாம இருந்தா நல்லாருக்காது. எழிலா, வழியில ஒரு மாலை வாங்கிடு."

கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு மாலை. அடுத்த பொய்க்கு எங்கே போவேன்?

"யாரும் சாவல" என்றேன்.

ரத்தினம்மாளின் கையைப் பிடித்துக் குண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். குங்குமக் கதையைச் சொன்னேன். அவர் ஒற்றைக் கையால் கல்லைத் தள்ளினார். அது ஆடியது, மேலே இரும்பு கிறீச்சிட்டது. தான் நின்றிருந்த மூலையை அவர் அண்ணாந்து பார்த்தார்.

"உசுரோட இருக்கறவர செத்தாருன்னு சொல்லிட்டீங்களே" என்றார்.

நல்ல நாளில் எழவுச் சொல் சொன்ன வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? என் மகளின் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்தேன் என்று தலை குனிந்து நின்றேன். ரத்தினம்மாள் பேரனை இறுக்கிக்கொண்டார்.

"பொய்யா செத்தவருக்கு ஆயுசு கூடும்னுவாங்க" என்றார். "போன் போட்டு அவர வரச் சொல்லுங்க. அவர் கையாலயே தட்டு மாத்திக்கலாம். இங்கயே, மண்ணுல நின்னு மாத்திக்கலாம், சம்மந்தி."