வரிசையில் ஒரு கை

ஊர்க்கூட்டத்தில் ஆயித்தாவுக்கு மேடை மட்டும்தான் தெரிந்தது. கண்ணின் ஓரங்களை நோய் அரித்துவிட்டிருந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் பாக்கி. ஓட்டுநர் உரிமம் பறிபோன பிறகு, கீழே நகரத்தில் வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மலை ரயில்தான். பக்கத்தில் கணவன் தூரி. அவன் கோட்டிலிருந்து மரத்தூள் வாசம் வந்தது.

ஊர்த் தலைவி மட்லைனா மணியை ஆட்டினாள். பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம் அடங்கியது.

"தண்டவாளத்துக்கு அரசாங்கம் குடுக்கும். நம்ம ஸ்டேஷனுக்கு நாமதான் பங்கு போடணும். போடலேன்னா வசந்தத்துலேர்ந்து ரயில் இங்க நிக்காது. அந்தப் பணத்துல ரோட்டை அகலப்படுத்தலாம்னும் ஒரு யோசனை இருக்கு."

பால்சர் எழுந்தான். ஊரில் முதல் பெரிய கார் வாங்கியவன்.

"ஏறுறவங்க கட்டட்டும்! காலி பெட்டிய இழுத்துட்டுப் போக நான் எதுக்கு வரி கட்டணும்?"

"உன் காரும் காலிதானே பால்சர், உன் தொப்பையைத் தவிர!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது. ஆயித்தாவும் சிரித்தாள்.

ரயிலுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினாள். எண்ணுகிற பெண் வரிசை வரிசையாக வந்தாள். இவர்கள் வரிசையில் இவர்கள் இருவர் மட்டுமே.

"இங்க ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள்.

ஒன்றா? தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது. தப்பாக எண்ணிவிட்டாளோ? மெல்லத் தலையைத் திருப்பினாள். தூரியின் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

"ரயில் தோத்துடுச்சு" என்றாள் மட்லைனா.

"தூரி... நீயா?"

"போன வாரம் பிளாட்பாரத்துல விழுந்தியே. நானே தினம் கார்ல கொண்டு விடுறேன்."

"உன் மரலாரி ஏறி வரத்தான் ரோடு கேக்குதோ?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "அதுக்கும்தான்."

பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

கூட்டத்தை முடிக்குமுன் மட்லைனா வழக்கம்போலக் கேட்டாள். "முடிவான எதையாவது திரும்ப ஓட்டுக்கு எடுக்கணுமா?" இதுவரை யாரும் எடுக்கச் சொன்னதில்லை. கூட்டம் முடிந்ததும் தருகிற ஒயின் இருந்த மேசைப் பக்கம் நாற்காலிகள் நகரத் தொடங்கியிருந்தன.

"எடுக்கணும்." தன் குரல்தானா அது என்று ஆயித்தாவுக்கே அதிர்ச்சி.

"உக்காருடி, மானம் போகுது" என்று தூரி முணுமுணுத்தான்.

அவள் உட்காரவில்லை. "எனக்குக் கார் ஓட்ட முடியாது. ஆனா உங்க ரோட்டுல பனி தள்ள வருஷா வருஷம் நானும் வரி கட்டுறேன். அதுல போறதுக்கு ஒருத்தராவது டிக்கெட் வாங்கியிருக்கீங்களா? ரோடு எல்லாருக்கும் பொதுன்னா, ரயில் மட்டும் எப்படி ஏறுறவங்க சொந்த விஷயமாச்சு? இன்னிக்குக் கண்ணு போனது எனக்கு. நாளைக்கு யாருக்கோ!"

மறுபடி எடுக்கலாமென்று முதலில் ஒப்புக்கொண்டார்கள். பிறகு ரயிலுக்கு வாக்கு. இந்த முறை கைகள் மளமளவென்று எழுந்தன. பால்சரின் கைகூடத் தோள் உயரத்துக்கு வந்து, திருட்டுத்தனமாய் அங்கேயே நின்றது.

எண்ணுகிற பெண் இவர்கள் வரிசைக்கு வந்தாள். சற்று நின்றாள்.

"ஒண்ணு" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

ரயில் ஜெயித்தது. கைதட்டல் கூரையை இடித்தது. கை குலுக்க வந்தவர்களின் முகங்கள் அவளுடைய வட்டத்துக்குள் வந்து வந்து மறைந்தன.

"வீட்டுக்குப் போலாமா?" என்று தூரி கேட்டான்.

"நீ போ" என்றாள் ஆயித்தா. எந்தப் பக்கம் நின்று கேட்டான் என்று திரும்பிப் பார்க்கவில்லை.