வீட்டுக்கு மூத்தவள்

உணவுக் கழிவு போடும் பழுப்புத் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள் தவநாயகி. அடியில் ஒட்டிக் கிடந்த ஒரு தேயிலைப் பையும் வெங்காயச் சருகும்தான் அகப்பட்டன. கவுன்சில் லொறி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. மற்ற வியாழக்கிழமைகளில் மத்தியானம்வரை எட்டிப் பார்க்காத லொறி, இன்றைக்கென்று விடியவே வந்து தொலைந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை, ஸ்ட்ரெதத்தில் இருக்கும் இந்த வீட்டின் சின்ன அறையில், அவளுடைய சம்பந்தி ரட்கா சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவள் அப்படியே சரிந்து போய்விட்டாள். நோகிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பல்கேரிய மொழியில்தான் சொல்லியிருப்பாள். தவநாயகிக்கு என்ன விளங்கியிருக்கும்?

இந்த வீட்டுக்கு வந்து தமிழ் பேசப் பழகிய மருமகள் தெசியின் தாய்தான் ரட்கா. வருடாவருடம் பெப்ரவரிக் கடைசியில் தன் கிராமத்திலிருந்து வந்திறங்கி, வசந்தத்தை வீட்டுக்குள் அவிழ்த்துக் கொட்டுவாள். மார்ச் முதலாம் தேதி எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டுவாள். பூத்த மரத்தைக் கண்டால் அந்த நூலை அவிழ்த்து அந்தக் கொப்பிலேயே கட்டிவிட வேண்டுமாம். பிறகு ரயில் வேலியோரம் துளிர்த்த, தொட்டால் சொறியும் காஞ்சோண்டியைக் கையுறை போட்டுக்கொண்டு பறித்து சூப் வைப்பாள். குருத்தோலை ஞாயிறு வந்தால், தவநாயகியின் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்துக்கு மேலேயே வில்லோக் கிளையைச் செருகுவாள். ஒரு உறைக்குள் இரண்டு வாள். இரண்டு பேருக்கும் தெரிந்த பொதுமொழி ‘நோ’ ஒன்றுதான்.

அதிலும் முட்டை! சுத்த சைவக்காரியான தவநாயகியின் ஃபிரிட்ஜுக்குள் ரட்கா தட்டுத் தட்டாக முட்டையை அடுக்கினாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று அவற்றுக்குச் சிவப்புச் சாயம் போட்டு வீட்டையே வினாகிரி நாற்றத்தில் முக்கினாள்.

அப்படிப்பட்டவள் செத்துப்போனாள். தமிழ்ச் சனம் நிறைந்த ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு செத்தவீடு என்றால் தவநாயகியைக் கேட்காமல் ஒரு அலுவலும் நடக்காது. இங்கேயோ தலைமாட்டில் விளக்கு வைப்பதற்குள் உடலை ஸிப் வைத்த பையில் கொண்டுபோய்விட்டார்கள். உடலை ஊருக்கு விமானத்தில் அனுப்ப வேண்டுமென்று மகன் தர்சிகன் மூன்று நாளாக ஃபோனும் கையுமாகத் திரிந்தான். தெசி கடுதாசிகளில் கையெழுத்துப் போட்டாள். ஒருத்தர் கண்ணிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. செய்ய ஒரு வேலையும் இல்லாமல் தவநாயகிக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. தெரிந்த ஒன்றை அன்றைக்கே செய்தாள். வீட்டைக் கழுவினாள், சமைத்த சாப்பாட்டையெல்லாம் எறிந்தாள், ரட்காவின் மாதா படத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பழைய முட்டையைப் பிளாஸ்டிக் பையால் பிடித்து எறிந்தாள்.

இன்று காலை தெசி அந்த முட்டையைத்தான் தேடினாள்.

“மாமி, அது போன வருசம் அம்மா சாயம் போட்ட முதல் முட்டை. ஒரு வருசம் வீட்டைக் காக்கும். பிறகு மண்ணுக்குள்ள புதைக்கவேணும். அம்மாவின்ர பெட்டிக்குள்ள வைக்கப்போறன். அவவோட எங்கட மண்ணுக்குப் போகட்டும்.”

அதைக் கேட்டுத்தான் தவநாயகி வாசலுக்கு ஓடியிருந்தாள். இப்போது கையைக் கழுவிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன.

“பிள்ளை, அதை நான் எறிஞ்சுபோட்டன்.”

“எங்க?”

“தொட்டிக்குள்ள. லொறி கொண்டுபோயிட்டுது. கூழ்முட்டை எண்டு நினைச்சன். செத்தவீட்டுத் துடக்கு, கழுவவேணும் எண்டு…”

“ஏன் மாமி கேக்கேல்லை? அம்மா இங்க ஆறு வருசம் வந்தவ. அவ செய்யிறது என்ன எண்டு ஒரு நாள் கேட்டனீங்களா? ஒரு நாள்?”

“ஆரைக் கேக்கிறது?” தவநாயகிக்கும் குரல் கிளம்பிவிட்டது. “நீயும் ஃபோனில, அவனும் ஃபோனில. மனுசி செத்து மூண்டு நாள். ஆராவது இருந்து அழுதனீங்களோ? நாய் செத்தாலும் வீட்டில ஒரு சத்தம் கேக்கும்!”

சொன்னபிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று தெரிந்தது. தெசி கதிரையில் இருந்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வந்த சத்தத்தில் தர்சிகன் ஃபோனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்தான். “நீ போ அங்கால,” என்று தாய் அவனை விரட்டினாள்.

தவநாயகி மருமகளின் தோளைக் கட்டிக்கொண்டாள். கட்டியதும் ஒப்பாரி தானாக வந்தது.

“என்னோட சண்டை பிடிக்க இனி ஆர் வருவினம், என்ர சம்பந்தி!”

அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. இத்தனை எரிச்சலுக்கு அடியிலும், அந்த மனுசி இல்லாத குசினி அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் அழுதார்கள்.

ஓய்ந்தபிறகு தெசி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். ஃபிரிட்ஜுக்குள் ரட்கா ஞாயிறன்று வாங்கிவைத்த முட்டைத் தட்டு அப்படியே இருந்தது. தொடக் கூசித் தவநாயகி விட்டுவைத்ததால் தப்பிய முட்டைகள். ஒன்றை அவித்தாள். சாயத்தைக் கரைத்து வினாகிரி ஊற்றினாள்.

“இண்டைக்குப் பெரிய வியாழன். துக்க வீடு, போடுறதோ விடுறதோ எண்டு ஊரில இருக்கிற பெரியம்மாவிட்ட ஃபோனில கேட்டனான். சின்னப்பிள்ளை இருக்கிற வீடு, ஒண்டாவது போடு எண்டா. வீட்டுக்கு மூத்த பொம்பிளைதான் போடவேணும்.”

“அப்ப பெரியம்மா வரட்டும்.”

“நீங்கள்தான் மாமி.”

தவநாயகி இரண்டடி பின்னால் போனாள். “எனக்கு ஏலாது. நான் முட்டை தொடுறேல்லை. அதோட பிள்ளை, நான் தாலி அறுத்தவள். நல்ல காரியத்துக்கு முன்னுக்கு வரக்கூடாது. சிவப்பெல்லாம் எனக்கில்லை.”

“அம்மாவுக்கும் புருசன் இல்லைத்தானே. அவதானே போட்டவ.”

புருஷன் போன அடுத்த வருடம் நடந்த மகனின் கலியாணத்தில், குத்துவிளக்கை வேறொருத்தி ஏற்ற, தவநாயகி மண்டபத்தின் கடைசியில் நின்றாள். அதே மண்டபத்தில் ரட்கா பாணும் தேனும் ஏந்திக்கொண்டு வந்தாள். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் தாய்தான் ஊட்ட வேண்டுமாம். கண்ணால் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே ஊட்டினாள். ‘தாலியறுத்தவளுக்கு எவ்வளவு எடுப்பு!’ என்று அன்றைக்குப் பற்றிக்கொண்ட எரிச்சல் ஆறு வருடமாக அணையவில்லை. தன்னைத்தான் தேடினாள் என்பது தெரிந்தும் அணையவில்லை.

தவநாயகி அகப்பையை எடுத்தாள். முட்டை அதில் நிற்காமல் வழுக்கியது. “சனியன்,” என்று முணுமுணுத்தபடி அகப்பையைப் போட்டுவிட்டு விரல்களாலேயே பிடித்துச் சாயத்துக்குள் அமிழ்த்தினாள். இளஞ்சூடாக இருந்தது. முட்டை கொஞ்சங்கொஞ்சமாகச் சிவந்தது. வெளியே எடுத்து, ஓடிவந்த பேத்தியின் கன்னத்தில் தெசி காட்டியபடி உருட்டினாள். பேத்தி கூச்சத்தில் சிரித்தாள். மூன்று நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அதற்குள் தர்சிகன் எட்டிப் பார்த்தான்.

“அம்மா, ஃபியூனரல்காரர் வெளியில நிக்கினம். மாமிக்குப் போடுற உடுப்பைத் தரட்டாம்.”

ரட்கா தன் ஊரில் தைத்த பூவேலைச் சட்டை ஒன்று, வெள்ளை வெளேரென்று கதிரை முதுகில் தொங்கியது. தவநாயகி பதைத்துப்போய் அதை எடுத்து உதறி மேசையில் விரித்தாள். அப்போதுதான் பார்த்தாள். சட்டையின் முதுகில் அவளுடைய ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“ஐயோ பிள்ளை! கழுவித் தாறன். அஞ்சு நிமிசம் நிக்கச் சொல்லு.”

தெசி அதை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள், கொடுக்கவில்லை. விரல் பதிந்த பக்கம் உள்ளே போகும்படி சட்டையை மடித்தாள், பைக்குள் வைத்தாள், வாசலுக்குக் கொண்டுபோனாள்.