இந்த வாரம் எட்டாம் நம்பர்

திங்கட்கிழமை காலை பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் கோச் ஒரு மஞ்சள் பனியனை அவன் மேல் விட்டெறிந்தார். முதுகில் எட்டு என்று போட்டிருந்தது.

"இந்த வாரம் நீ எட்டாம் நம்பர். சனிக்கிழமை அவனைக் கட்டிப்போட்டாத்தான் நமக்குப் பொழப்பு. வீடியோ பாத்தியா?"

"பாத்துட்டேன் சார்."

கூடைப்பந்து அணியில் அவனுக்கு வேலையே அதுதான். எதிரணியில் எவன் பெரிய கையோ, வாரம் முழுக்க அவனைப் போலவே ஆட வேண்டும். மற்றவர்கள் அவனை மறித்துப் பழகிக்கொள்வார்கள். வந்த புதிதில் ஒருநாள் செய்து காட்டினான். அச்சு அசலாக இருந்ததா, வேலையை அப்படியே அவன் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் ஜெராக்ஸ்.

ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. இன்னும் இரண்டே மேட்ச். "மத்தவன் ஆட்டமெல்லாம் உனக்கு அத்துப்படி. உன் ஆட்டம் என்னன்னுதான் தெரியலை. அதைக் காட்டு, அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசலாம்" என்று கோச் சொல்லியிருந்தார். எப்போது காட்டுவது என்று அவன் கேட்கவில்லை. மேட்ச் அன்று பெஞ்ச். மற்ற நாளெல்லாம் வேறொருவன் பனியன்.

அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. லேப்டாப்பில் எட்டாம் நம்பரை ஓடவிட்டபடி சாப்பிடுவான். அவன் எந்தக் காலைத் தாங்கி நடக்கிறான், களைத்தால் எந்தக் கையால் மூக்கைத் தேய்க்கிறான், எல்லாம் தெரியும். சில நாள் துணி மடிக்கும்போது இடது கை முந்திக்கொண்டு வரும். போன வாரத்து ஆள் இடதுகைக்காரன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"போன மேட்ச்சுல உன்னை டிவில பாத்தேன்டா."

"நான் ஆடவே இல்லையேக்கா."

"உன் முட்டியைப் பாத்தேன். பெஞ்சுல கடைசி முட்டி. உங்க மாமாகிட்ட பந்தயம் கட்டிச் சொன்னேன், இது என் தம்பி முட்டிதான்னு. சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"நாளைக்காவது உன்னை விடுவாங்களா?"

"பாப்போம்க்கா."

சனிக்கிழமை ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கேப்டன் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே வந்தார். அவருக்குப் பதில் போகிறவனுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. கோச் பெஞ்சின் கடைசிவரை பார்த்தார்.

"ஜெராக்ஸ், எழுந்திரு."

உள்ளே போனதும் எதிரணி ஆள் ஒருவன் கேட்டான். "யாருடா இவன்?"

"யாருக்குத் தெரியும். விடு, நான் பாத்துக்கறேன்" என்று வந்து எதிரே நின்றது எட்டாம் நம்பரேதான்.

எந்த ஊர்க் கூடத்திலும் எவனும் தன் பனியனைப் போட்டுத் தன்னைப் போல ஆடிப் பழகியதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவர்களுக்குத் தன்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இதைவிட நல்ல வாய்ப்பு வராது. பந்து கைக்கு வந்தது.

கை, வாரம் முழுக்கச் செய்ததைச் செய்தது. இடது பக்கம் போவதாகப் போக்குக் காட்டி, முதுகுக்குப் பின்னால் பந்தைக் கை மாற்றி, வலது பக்கம் புகுந்தான். எட்டாம் நம்பரின் வித்தை அது. அதை எட்டாம் நம்பரிடமே காட்டினான். சொந்த வீட்டு இருட்டில் சுவிட்சைத் தேடாமல் தட்டுகிறவன் மாதிரி எட்டாம் நம்பர் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடி, கூடையில் போட்டான்.

கோச் உடனே திரும்பக் கூப்பிட்டுவிட்டார். பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்த சூடுகூட ஆறவில்லை. மேட்ச்சிலும் தோற்றார்கள்.

வெளியே போகும் வழியில், முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு எட்டாம் நம்பர் நின்றிருந்தான்.

"ஏம்ப்பா, என் சரக்கை என்கிட்டயே விக்கப் பாத்தியே."

"வாரம் முழுக்க நீங்களாத்தான்ணே இருந்தேன். கை பழகிப்போச்சு."

அவன் சிரித்தான். "நல்லாத்தான் பண்ணினே. ஆனா கை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தோளை இறக்கினியே, அது நான் பண்றதில்ல. ஒரு நொடி ஏமாந்துட்டேன். அது யாரோடது?"

"தெரியலைண்ணே."

"தெரிஞ்சா சொல்லு. அந்த ஆளோட மோதும்போது சாக்கிரதையா இருக்கணும்."

ஞாயிறு முழுக்க அறையில் உட்கார்ந்து, இந்த வருடம் தான் யார் யாராக இருந்தானோ அத்தனை பேர் வீடியோவையும் போட்டுப் பார்த்தான். ஒருவனும் தோளை இறக்கவில்லை. பார்த்து முடித்தபோது, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் புரிந்துகொள்ளக் கூடியவன் எட்டாம் நம்பர் ஒருவன்தான். அவன் போன் நம்பர் இவனிடம் இல்லை.

திங்கட்கிழமை பச்சைப் பனியன். வேறு ஆள், கடைசி மேட்ச். கேப்டன் அவனை மறித்து நின்றார். அவன் தோளை இறக்கினான். கேப்டன் அந்தப் பக்கம் சாய்ந்தார். இவன் இந்தப் பக்கம் புகுந்து பந்தைப் போட்டான்.

கோச் விசில் ஊதினார். "அவன் அப்படிப் பண்ண மாட்டான்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"நான் பண்ணுவேன் சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை. கிட்டே வந்து நின்றார்.

"பனியனைக் கழட்டு."

தலை வழியாக உருவிக் கொடுத்தான். வீட்டுக்குப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தான். அவர் அதைச் சுருட்டி வேறொருவனிடம் எறிந்தார்.

"நீ அப்படியே ஆடு. கேப்டன், விடாதே இவனை."

கேப்டன் குனிந்து கைகளை விரித்தார். கண் அவன் தோளிலேயே இருந்தது. தனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று அவனுக்கே தெரியவில்லை. பந்தைத் தட்டியபடி முன்னே போனான்.